மண்ணைத் தின்றது பருத்தியா?



கரிசல் சீமையிலிருந்து ஒரு பெரியவர் எழுதிய கடிதம் என் மேசைமீது சில வாரங்களாகக் கிடக்கிறது. "பருத்தி நிலத்தைத் தின்றுவிடும், தொடர்ந்து போட்டால் பின்பு அந்தப் புஞ்சையில் புல்கூட முளைக்காது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் மகனோ, அதெல்லாம் பழங்கதை, கடையில் உரம் வாங்கிப் போட்டால் எத்தனை ஆண்டானாலும் விளையும் என்கிறான். இதனால் வீட்டில் நாள்தோறும் வாக்குவாதம். தாங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்வது ஆபத்தான காரியம். அதிலும் இவ்வழக்கைத் தீர்க்க ஒரு மனிதனின் ஆயுள் போதாது. மண் மெல்ல மாறுவது. பத்தாண்டுகள் ஒரு வயலைப் பார்த்தவனுக்கு, அவன் கண்டது மண்ணின் குணமா, மழையின் குணமா என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒரே நிலத்தில், ஒரே முறையில், தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விதைத்து, எடை போட்டு, எழுதி வைத்த ஒருவர் வேண்டும். நல்லவேளையாக அப்படி ஒரு நிலம் உலகத்தில் இருக்கிறது. அதைத்தான் சாட்சியாக அழைக்கப் போகிறேன்.

அது ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் என்னும் ஊரில் உள்ளது. மொத்தப் பரப்பு ஓர் ஏக்கர்தான். அது பதின்மூன்று நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'பழைய சுழற்சி' என்பது அதன் பெயர். அங்கிருந்த வேளாண்மைக் கல்லூரியின் பேராசிரியர் ஜே. எஃப். டகர் என்பவர் 1896-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். அக்கல்லூரி இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம். டகர் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அவருக்குப் பின் வந்தவர்கள் சோதனையை விடவில்லை. இடைவிடாமல் நடந்துவரும் பருத்திச் சோதனைகளுள் உலகிலேயே இதுதான் மிகப் பழையது. 1988-இல் அந்நாட்டு அரசு அதை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்கும் மாளிகைக்கும் கிடைக்கிற மரியாதை ஓர் ஏக்கர் பருத்திக் காட்டுக்குக் கிடைத்தது கண்டு உழவர் மகிழலாம்.

டகர் கேட்ட கேள்வி ஏறக்குறைய நம் பெரியவரின் கேள்விதான். அலபாமாவின் மண் மணல் கலந்த, சத்துக் குறைந்த மண். மழையோ ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே உழவர் கோடையில் பருத்தி போடுவர். இலையுதிர் காலத்தில் பஞ்செடுத்தபின் நிலத்தை வெறுமையாக விட்டுவிடுவர். குளிர்கால மழை முழுவதும் அந்த வெற்று மண்ணின்மேல் பெய்யும். இப்படி மழையில் நிலம் கரைவதற்குப் பதிலாக, பருத்தி முடிந்ததும் குளிர்காலத்தில் ஒரு பயறுவகைச் செடியை விதைத்து, வசந்தத்தில் அதை மடக்கி உழுதுவிட்டால் என்ன? வெவ்வேறு பயிர்களை மாற்றி மாற்றிப் போட்டால் என்ன? இவைதாம் அவர் ஆராய விரும்பியவை.

அவர் தேர்ந்தெடுத்தவை செந்நிறப் பூப்பூக்கும் குளோவர், வெட்ச் எனப்படும் இருவகைக் கொடி. நமக்கு அவை பழக்கமில்லாதவை. ஆனால் நம் சணப்பு, கொழுஞ்சி, தக்கைப்பூண்டு ஆகியவற்றுக்கு அவை உறவுமுறை. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். அம்முடிச்சுகளுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. இந்த உண்மையை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886-இல்தான் உலகுக்கு அறிவித்தார். டகர் விதைக்கத் தொடங்கியது அதற்குப் பத்தே ஆண்டுகள் கழித்து. காற்றிலிருந்து ஆலையில் தழைச்சத்து உரம் செய்யும் தொழில் தொடங்கியது அதற்கும் பின்னர்தான். ஆகவே டகருக்கு யூரியா என்ற பெயரில் உரமூட்டை எதுவும் கண்முன் இல்லை. குளோவரும் வெட்சும்தான் அவருக்கு உரத் தொழிற்சாலை.

இனிப் பதின்மூன்று துண்டுகளுள் சிலவற்றை மட்டும் பார்ப்போம். முதல் துண்டிலும் ஆறாம் துண்டிலும் ஆண்டுதோறும் பருத்தி. பருத்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மற்றத் துண்டுகளைப் போலவே இவற்றுக்கும் இடப்படுகின்றன. தழைச்சத்து உரம் மட்டும் கிடையாது. பயறும் கிடையாது. வேறு மூன்று துண்டுகளிலும் ஆண்டுதோறும் பருத்திதான், ஆனால் குளிர்காலத்தில் குளோவரோ வெட்சோ உண்டு. ஒரு துண்டில் பயறு இல்லை. அதற்குப் பதில் பிற்காலத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 54 கிலோ தழைச்சத்து உரமாக இடப்பட்டு வருகிறது. இன்னும் சில துண்டுகளில் ஓராண்டு பருத்தி, மறு ஆண்டு மக்காச்சோளம். கடைசியாக மூன்றாண்டுச் சுழற்சி: பருத்தி, குளிர்காலப் பயறு, மக்காச்சோளம், அதன்பின் கோதுமை போன்ற ஒரு தானியம், அதை அறுத்ததும் சோயா மொச்சை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான கணக்கு என்ன சொல்கிறது?

பயறும் தழைச்சத்தும் இல்லாத துண்டுகளின் விளைச்சல் மற்றவற்றின் விளைச்சலில் பாதிக்கும் குறைவு. இதுவரை தகப்பனார் வென்றார். ஆனால் கவனியுங்கள், அந்தத் துண்டுகள் பாழாகிவிடவில்லை. புல் முளைக்காத தரிசாகவும் ஆகவில்லை. ஒரு தாழ்ந்த நிலைக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. ஆண்டுதோறும் ஏதோ கொஞ்சம் பஞ்சு கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. வறுமைப்பட்ட வீடு பட்டினியால் அழிந்துவிடாமல் அரைவயிறோடு காலம் தள்ளுவதில்லையா, அதுபோல.

உரமிட்ட துண்டு நன்றாக விளைகிறது. இங்கே மகனும் வென்றார். ஆனால் உரமே இல்லாமல் பயறை மட்டும் மடக்கி உழுத துண்டுகளும் ஏறத்தாழ அதே அளவு பருத்தியைக் கொடுத்திருக்கின்றன. ஓர் உழவன் குளிர்காலத்தில் விதை வாங்கித் தூவியதன் பயன், கடையில் வாங்கிய 54 கிலோ தழைச்சத்தின் பயனுக்கு ஈடாக நின்றிருக்கிறது. இது ஒரு பருவத்து அதிர்ஷ்டமன்று. பல பத்தாண்டுகளின் சராசரி.

தழைச்சத்தைவிட முக்கியமான வேறொன்றும் அங்கே அளக்கப்பட்டது. அது மண்ணிலுள்ள மட்கு. இலையும் வேரும் தட்டையும் மக்கிக் கருத்து மண்ணோடு கலந்து கிடக்கும் பொருள். வெறும் பருத்தித் துண்டுகளில் அது நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பயறு போட்ட துண்டுகளில் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. மூன்றாண்டுச் சுழற்சித் துண்டுகளில் அதற்கும் மேல். நூற்றுக்கு ஒன்றா இரண்டா என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். மணற்பாங்கான மண்ணில் அந்த ஒரு பங்குதான் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. இட்ட உரத்தை அடித்துச் செல்லப்படாமல் காக்கிறது. மேற்பரப்பு இறுகிக் காய்ந்து போகாமல் தடுக்கிறது. விளைச்சல் எந்தெந்தத் துண்டில் உயர்ந்து நின்றது என்று பார்த்தால், மட்கு எங்கே மிகுதியோ அங்கேதான். பயிர்ச் சுழற்சியின் நன்மை பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்தது என்பது அச்சோதனையை நடத்தியவர்களின் முடிவு.

அப்படியானால் பருத்தி மண்ணைத் தின்கிறதா?

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்போம். பஞ்சு என்பது என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோசு. அதாவது காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் சூரிய ஒளியால் செடி சமைத்த பொருள். நாம் உடுத்தும் வேட்டியிலும் சேலையிலும் மண்ணின் சத்து அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். சத்து இருப்பது விதையில். அமெரிக்கக் கணக்கில் ஒரு பொதிப் பஞ்சு 218 கிலோ. அதனுடன் ஏறத்தாழ 350 கிலோ கொட்டை கிடைக்கும். அந்தக் கொட்டையில் பன்னிரண்டு கிலோ அளவுக்குத் தழைச்சத்து உண்டு. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதைவிடக் குறைவு. ஒரு டன் மக்காச்சோள மணியும் ஏறத்தாழ அவ்வளவு தழைச்சத்தைத்தான் வயலைவிட்டு எடுத்துச் செல்கிறது. ஆகவே பருத்தி ஒன்றும் பெருந்தீனிக்காரப் பயிரன்று. பருத்திக்கொட்டையை ஆட்டி மாட்டுக்கு வைத்து, அந்தச் சாணத்தைத் திரும்பப் புஞ்சைக்கே கொண்டு சேர்த்த நம் பாட்டனார்களின் வீட்டில், போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. கொட்டை லாரியேறி எண்ணெய் ஆலைக்குப் போகும்போதுதான் அது திரும்பாத பயணமாகிறது.

பருத்தி எடுப்பதைக் காட்டிலும் பருத்தி கொடுக்காமல் விடுவதுதான் மண்ணுக்குக் கேடு. முளைத்த முதல் சில வாரங்கள் அது மெல்ல வளரும். வரிசைகளுக்கிடையே அகன்ற இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் களை இருக்கக் கூடாதென்று மீண்டும் மீண்டும் கொத்திவிடுவோம். இத்தனையும் மழைக்கு முன் மண்ணை மேலாடையின்றி நிறுத்துவதாகும். ஒவ்வொரு கொத்தும் காற்றை உள்ளே விட்டு, மட்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு விருந்து வைக்கிறது. அறுவடைக்குப்பின் மிஞ்சுவதோ விறகுபோன்ற தண்டு. புல்வகைப் பயிர்களான சோளமும் கம்பும் மக்காச்சோளமும் சல்லிவேரை நிலம் முழுவதும் பின்னிவிட்டுச் செல்கின்றன. பருத்தி ஆணிவேர்ப் பயிர். மேல்மண்ணைக் கட்டிப்பிடிக்க அதற்குக் கைகள் போதா. ஆண்டுக்கு ஆண்டு மட்கின் செலவு மிகுந்து வரவு குறைந்தால் கருவூலம் என்னவாகும்?

இந்தக் கேடு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க ஆபர்னிலிருந்து தெற்கே போய், சாட்டஹூச்சி ஆற்றைக் கடந்து, ஜார்ஜியா மாநிலத்து லம்ப்கின் என்னும் ஊர்ப்பக்கம் போக வேண்டும். பிராவிடன்ஸ் பள்ளத்தாக்கு என்று அங்கே ஓரிடம். செம்மையும் வெண்மையும் இளஞ்சிவப்புமாக வண்ண வண்ண மண்சுவர்கள். ஆழம் சில இடங்களில் 150 அடி. பயணிகள் அழகு பார்க்கப் போகிறார்கள். ஆனால் அது ஆறு அறுத்த பள்ளத்தாக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள். சரிவில் மேலும் கீழுமாக உழுத சால்களில் மழைநீர் ஓடியது. 1850 வாக்கில் மூன்றடி, ஐந்தடி ஆழ ஓடைகள் தோன்றின. பிறகு அடியிலிருந்த இளக்கமான மணல் சரிய, ஓடை பள்ளமாயிற்று, பள்ளம் பள்ளத்தாக்காயிற்று. அவ்வூர் மெதடிஸ்ட் சபையார் முதலில் கட்டிய மரக்கோயில் நின்ற இடத்தையும் அது விழுங்கியது. இன்று நிற்கும் கோயில் 1859-இல் சாலையின் மறுபுறத்தில் கட்டப்பட்டது. தாங்கள் வணங்கிய ஆலயத்தின் நிலம் காலடியிலிருந்து கரைந்து போவதைக் கண்ட அந்த மக்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நாட்டின் பழைய பருத்திச் சீமைகளில் இதே கதைதான் சிறிய அளவில் எங்கும் நடந்தது. மண் களைத்துப் போனதும் தோட்ட முதலாளிகள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு மேற்கே புதிய நிலம் தேடிப் போனார்கள். நிலம் எருவைவிட மலிவாக இருந்தது. மனித உழைப்போ விலை கொடுத்து வாங்கிய உடைமையாக இருந்தது. அப்படியிருக்கையில் மண்ணைக் காக்க யார் மெனக்கெடுவார்?

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. மண்ணின் நிலை மாறியதா என்றால், இல்லை. ஏன் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும், நிலமிழந்த ஏழை வெள்ளையருக்கும் கையில் ஒரு காசு இல்லை. அவர்கள் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விதையும் மாவும் உப்பும் துணியும் கடைக்காரர் கடனாகக் கொடுத்தார். அதற்கு ஈடாக, இன்னும் விளையாத பயிரையே எழுதி வாங்கிக்கொண்டார். எந்தப் பயிரை? பருத்தியை. பருத்தியை மாடு மேயாது, குடும்பம் தின்னாது, எங்கும் எப்போதும் விலை போகும். ஆகவே கடன்காரனுக்கு அதுதான் நம்பிக்கையான ஈடு. "இந்த ஆண்டு பாதி நிலத்தில் தட்டைப்பயறு போடுகிறேன்" என்று சொல்லும் வாரக்காரனுக்குக் கடையில் மாவு கிடைக்காது. அவன் அறியாமையால் பருத்தி போட்டவனல்லன். பசியால் போட்டான்.

இன்னொன்றும் உண்டு. வாரம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஆண்டுக் கணக்கைத் தீர்த்து, அல்லது தீர்க்க முடியாமல், குடும்பம் வேறொரு நிலத்துக்கு மாட்டு வண்டியேறும். அப்படியிருக்க, இலையுதிர் காலத்தில் தன் கைக்காசைப் போட்டுக் குளோவர் விதை வாங்கித் தூவுகிறவன் யாருக்காகத் தூவுவான்? அதன் பயன் அடுத்த கோடையில்தான் தெரியும். அப்போது அந்த நிலத்தில் வேறொருவன் உழுதுகொண்டிருப்பான். மட்கு சேர்வதற்கோ பத்தாண்டுகள் ஆகும். டகரின் துண்டுகள் சொன்ன உண்மையைத் தென்னாட்டு உழவர் பலர் கேட்கவே இல்லை என்று சிலர் குறை கூறுவர். கேட்டவன்கூட என்ன செய்திருக்க முடியும்?

அதே 1896-ஆம் ஆண்டில், ஆபர்னிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள டஸ்கீகி என்னும் ஊருக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்குப் பிறந்து, அயோவாவில் வேளாண்மை பயின்று, புக்கர் டி. வாஷிங்டன் அழைத்ததால் கறுப்பின மாணவர்க்கான கல்விக்கூடத்துக்கு வந்தவர். டகரின் கல்லூரியில் கறுப்பின மாணவர் எவரும் சேர முடியாத காலம் அது. 1964-இல்தான் அக்கதவு திறந்தது. இரு பேராசிரியர்கள், ஒரே களைத்த மண், ஏறத்தாழ ஒரே மருந்து. ஆனால் கார்வர் யாரிடம் பேசினாரோ அவர்களிடம் விதை வாங்கவும் காசில்லை. ஆகவே காட்டில் உதிர்ந்த இலையையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் அள்ளி வந்து குப்பை போடச் சொன்னார். காசு வேண்டாம், கை போதும். தட்டைப்பயறு போடச் சொன்னார், அது வீட்டுக்கு உணவு, மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு எரு. களைத்த மண்ணைத் தேற்றுவது எப்படி என்று 1905-இல் ஒரு சிறு வெளியீடு எழுதினார். 1906-இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, பள்ளி ஊர்ஊராகப் போகும்படி செய்தார். அவரை வேர்க்கடலையிலிருந்து நூறு பொருள் செய்தவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் கூறுகின்றன. என் மனத்தில் நிற்பவர் உதிர்ந்த இலை பொறுக்கச் சொன்ன கார்வர்தான்.

கடைக்காரரின் பிடியைத் தளர்த்தியது கடைசியில் ஒரு பூச்சி. காய்க் கூன்வண்டு எனப்படும் அது மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாசுக்குள் நுழைந்து, 1910-இல் அலபாமாவை எட்டியது. பருத்திக்காயைத் துளைத்து அழித்தது. நம்பிக்கையான ஈடு நம்பிக்கை இழந்தது. என்டர்பிரைஸ் என்னும் ஊரில் உழவர்கள் வேர்க்கடலைக்கு மாறினார்கள். பணம் கொடுத்தவர்களும் அதற்கு இசைந்தார்கள். விளைச்சல் பெருகியது. 1919-இல் அந்த ஊரார் கடைவீதி நடுவே அந்தப் பூச்சிக்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்! பேராசிரியர்கள் சொல்லிக் கேட்காத கடன் முறை ஒரு வண்டு சொல்லிக் கேட்டது. (வேர்க்கடலையும் குற்றமற்ற பயிரன்று. செடியை வேரோடு பிடுங்கிக் கொடியையும் மாட்டுக்குக் கொண்டு போய்விட்டால், அது மண்ணுக்கு விட்டுச் செல்வது மிகக் குறைவு.)

ஆபர்னிலேயே 1911-இல் தொடங்கிய மற்றொரு சோதனை வயலையும் சொல்லிவிட வேண்டும். கல்லர்ஸ் சுழற்சி என்பது பெயர். அங்கே சத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறார்கள். சாம்பல்சத்து நிறுத்தப்பட்ட துண்டில் பருத்தி இலை பழுத்துத் துருப்பிடித்ததுபோலாகி உதிர்கிறது, காய் வெடிக்காமல் போகிறது. முற்காலத்தில் இதை 'துரு நோய்' என்றே அழைத்தார்கள். அது நோயன்று, சாம்பல்சத்துப் பசி என்று ஆபர்னில் பணிபுரிந்த அட்கின்சன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். மற்றப் பயிர்கள் ஓரளவு சமாளிக்கும் இடத்திலும் பருத்தி அந்தப் பசியைத் தாங்காது. காய் முற்றும் காலத்தில் அதற்குச் சாம்பல்சத்து மிகுதியாக வேண்டும். அது பெரும்பாலும் தண்டிலும் இலையிலும் காயின் ஓட்டிலும் தங்குகிறது.

இது நம் அடுப்பங்கரை வரை வரும் செய்தி. பருத்திமாரைப் பிடுங்கிக் கட்டி விறகாக எரிப்பது நம் வழக்கம். எரித்தால் தழைச்சத்து புகையாய்ப் போய்விடும், மட்காக வேண்டிய பொருளும் போய்விடும். சாம்பல்சத்து மட்டும் சாம்பலிலே தங்கும். அந்தச் சாம்பலைத் தெருவோரம் கொட்டாமல் புஞ்சைக்குக் கொண்டுபோனால் பாதி நட்டத்தை மீட்கலாம். மாரை நறுக்கி மக்கவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அடுப்புக்கு வேறு வழியில்லாத தாயிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பெரியவருக்கு என் பதில் இதுதான். கரிசல் மண் அலபாமா மணல் போன்றதன்று. களிப்பாங்கான அது நீரையும் சத்தையும் நன்றாகப் பிடித்து வைக்கும். ஆகவே உங்கள் புஞ்சை அத்தனை விரைவில் களைத்துவிடாது. ஆயினும் மட்கின் வரவு செலவுக் கணக்கு எங்கும் ஒன்றே. கோயமுத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை வயலிலும், தொழுவுரம் பெற்ற துண்டுகளின் மண் ஒன்றும் பெறாத துண்டுகளின் மண்ணைவிட மட்கு மிகுந்து நிற்கிறது. உங்கள் மகன் உரம் போடட்டும், அது தவறன்று. அத்துடன் பருத்தி வரிசைகளின் நடுவே உளுந்தோ பாசிப்பயறோ விதைக்கட்டும். எழுபது எண்பது நாளில் அது முடிந்துவிடும், பருத்தி விரிந்து இடத்தை அடைக்குமுன் மண்ணுக்கு ஒரு போர்வையாகும். காயை மட்டும் பறித்துக்கொண்டு செடியை அங்கேயே விடுங்கள். ஓராண்டு விட்டு ஓராண்டு சோளமோ கம்போ போடுங்கள். முன்னோர் செய்ததும் அதுவே. தகப்பனும் பிள்ளையும் சண்டையிடத் தேவையில்லை. இருவர் சொல்வதையும் ஒரே புஞ்சையில் செய்யலாம்.

ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசி வரியைச் சொல்வதாக வாக்களித்தேன். "புஞ்சை எங்களுடையதன்று. வாரத்துக்குத்தான் உழுகிறோம், எழுத்து ஒன்றும் கிடையாது, ஆடிக்கு ஆடி பேசிக்கொள்வது" என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபின் மேலே நான் கொடுத்த அறிவுரையை அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓராண்டு விட்டு ஓராண்டு கம்பு போடு என்று, அடுத்த ஆடியில் அந்த மண்ணில் நிற்போமா என்று தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? கம்பு போடும் ஆண்டில் வாரம் குறையும். அக்குறையைப் பொறுத்துக்கொள்ள நிலத்துக்காரர் இசைய வேண்டும். ஐந்தாண்டோ பத்தாண்டோ நிலம் உன்னிடமே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான், உழுகிறவர் மண்ணுக்கென்று ஒரு கைப்பிடி விதையைச் செலவிடத் துணிவார். பயறு விதைக்கும் தொழுவுரத்துக்கும் ஆகும் செலவில் நிலத்துக்காரரும் பாதி ஏற்பது நியாயம். மட்கு சேர்ந்து பெருகும் மண் அவருடைய பெயரில்தானே இருக்கிறது.

நம் குடும்பங்களில் நகரத்துக்கு வேலைக்குப் போய், ஊரில் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வாரத்துக்கு விட்டிருப்பவர்கள் பலர். அவர்கள் தீயவர்களல்லர். ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வந்து, வாரத்தை வாங்கிக்கொண்டு, புஞ்சை பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்புகிறவர்கள், அவ்வளவுதான். பெரியவரின் நிலத்துக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. கடிதத்தில் அவர் பெயர் இல்லை. இந்த இதழை வாங்கிப் படிக்கிறவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம்.